கேசட்டிலிருந்து எழுந்துபோன கூட்டம்

கேசட்டுக்குள் இருந்த கூட்டம் எழுந்து போகத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை, தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில். முதலில் போனது ஓர் இருமல். கிடாரின் முதல் இழுப்புக்கும் டிரம்மின் முதல் அடிக்கும் நடுவே இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருந்த இருமல் அது. எங்கள் காலனிப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடும்போது அந்த இடம் வந்தால் தாங்களும் ஒருமுறை இருமிவிட்டுத்தான் மேலே பாடுவார்கள், அந்த அளவுக்கு அது பாட்டோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தது. அன்று காலை அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதே நேரத்தில் நாலாவது லைன் வீட்டு வரிசையில், சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர் அற்புதம், கூழ் குடித்துக்கொண்டிருந்தவர், சளி இல்லாத, சுத்தமான, வாலிபமான ஓர் இருமலை இருமினார்.

"இது என் பழைய இருமல்டி" என்றார் மனைவியிடம். "எங்க இருந்துச்சு இத்தினி நாளா?"

"வந்தா வந்துட்டுப் போவுது. நீ மொதல்ல கூழக் குடி."

நான் அந்த நேரத்தில் கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் தங்கச் சுரங்கக் காலனியின் மியூசிக் கிளப்பு, 'நைட் ஷிப்டு' பாட்டின் வெள்ளி விழாவைக் கொண்டாட ஏற்பாடு செய்து, ஒரு மலரும் போடுவதாக இருந்தது. கிளப்புத் தலைவர் கஜபதி என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ரூபி, காலனியில டிகிரி முடிச்சவ நீ ஒருத்திதான். மெட்ராஸ்ல ரெக்கார்டு பண்ண பாட்டு ஒண்ணு, நம்ம கிரவுண்டுல பாடினது ஒண்ணு. ரெண்டையும் கேட்டு, எது எப்படின்னு ஒரு கட்டுரை எழுது. யாருக்கும் கோவம் வராத மாதிரி எழுதணும், கண்டியா?"

யாருக்கும் கோபம் வராமல் எழுதுவது எனக்குப் பழக்கம்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். ஒரு விண்ணப்பம் எழுதினால்கூட முதலில் பென்சிலில் எழுதிப் பார்ப்பேன். அதனால் இரண்டு பாட்டையும், அக்கம்பக்கத்தில் எல்லோரும் பல்லைக் கடிக்கும் அளவுக்கு, திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மெட்ராஸ் பாட்டு இசைத்தட்டாக வந்தது. அதில் எங்கள் காலனிப் பாடகன் ரிச்சியின் குரல், எண்ணெய் தடவி வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி இருக்கும். கிடாரைத் தணித்து வயலின்களை ஏற்றியிருந்தார்கள். வரிகளையும் அங்கே யாரோ மாற்றியிருந்தார்கள். புருஷன் சுரங்கத்தில் இரவு வேலை செய்ய, மனைவி விளக்கேற்றிக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் பாட்டு. கடைசி வரி, 'இந்த ராத்திரியிலே காத்திருக்கும் கண்ணு ஒண்ணுதான்' என்று முடிந்து, ஒரு புல்லாங்குழல் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும்.

கேசட்டில் இருந்தது கிரவுண்டில் பாடியது, அந்த வருடக் கிறிஸ்மஸ் சமயத்தில், இசைத்தட்டு வெளிவந்த பிறகு. அதில் ரிச்சியின் குரல், ஷிப்டு முடிந்து மேலே வந்தவன் கைகால்கூடக் கழுவாமல் வாசலில் நின்று பேசுவது மாதிரி இருக்கும். டிரம் அவசரப்பட்டு ஓடும், கிடார் அதைத் துரத்தும். வரிகள் அவன் எழுதிய பழைய வரிகள். புருஷன்மார் எல்லாம் பூமிக்குக் கீழே போன பிறகு மேலே லைன் வீடுகளில் கதவுகள் என்ன செய்கின்றன என்பதுதான் பாட்டு. ஒரு கதவு கிறீச்சிடும், ஒரு கதவு எண்ணெய் போட்டு வைத்திருப்பதால் கிறீச்சிடாது, இப்படி. கடைசியில் இசை நின்று, 'இந்தக் காலனியிலே...' என்று ரிச்சி இழுத்து நிறுத்துவான். அந்த வரியை இரண்டு தடவை பாடுவான், இரண்டு தடவையும் அங்கேதான் மொத்தக் கிரவுண்டும் விசிலடித்தது. விசிலுக்கு அடியில் அவன் ஏதோ பாடினான். விசில் ஓயும்போது '...ஒண்ணுதான்' என்பது மட்டும் கேட்கும்.

இந்த 'ஒண்ணுதான்' மேல்தான் எங்கள் காலனி இருபத்தைந்து வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ராத்திரியில் கதவைத் திறந்த பெண் இந்தக் காலனியில் ஒருத்திதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்திதான் என்றால் அது நம் வீடு இல்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த ஒருத்தி யார் என்பதையும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, முடிவு செய்து வைத்திருந்தார்கள். என் அம்மா எஸ்தர். ரிச்சியின் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர் லைனில் இருந்தது. அந்தக் கச்சேரிக்குப் பிறகு என் நைனா சாலமோன் திடீரென்று சுரங்கத்துக்குள் இறங்குவதை விட்டுவிட்டு, மேலே, இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து வாங்கும் விளக்கறையில் பகல் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். பொண்டாட்டிக்குக் காவல் இருக்கத்தான் நைட் ஷிப்டை விட்டான் என்றார்கள். நான் அடுத்த வருடம் பிறந்தேன். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒரு கிழவர் என் மூக்கை ஒருதரமும் நைனா மூக்கை ஒருதரமும் பார்ப்பார். ரிச்சி எங்கோ கப்பலில் பாடப் போய் வராமலே போனதால், பார்க்க அவன் மூக்கு மட்டும் கிடைக்காமல் போயிற்று.

இருமலுக்குப் பிறகு ஒரு குழந்தையின் அழுகை போயிற்று, சோடா உடைக்கிற சத்தம் போயிற்று, அப்புறம் விசில்கள் ஒவ்வொன்றாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பின. கேசட்டை விட்டுப் போன விசில் தனக்குச் சொந்தக்காரரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பல்செட் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மனிதர்கள் முப்பத்தைந்து வயது விசிலை அடித்தார்கள். காலனி இதை மழைக்கால ஈசலைப் போல எடுத்துக்கொண்டது. டீக்கடை முனிரத்தினம், "காலையில கதவத் தொறந்தா வாசல்ல நிக்குது, நானும் வான்னேன், வந்துச்சு" என்று சொல்லி அடித்துக் காட்டினார். பஸ் ஆட்களை ஏற்றுவதற்குள் எவரோ அடித்த விசிலுக்குக் கிளம்பிப் போனது. அடுப்பில் குக்கர் வைத்த பெண்கள் விசில் கணக்குத் தவறி வாரம் முழுக்கக் குழைந்த சோற்றைப் போட்டார்கள். "அது குக்கரு இல்ல மே, எங்க ஊட்டுக் கெழவன்" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குக் கத்திக்கொண்டார்கள். சொந்தக்காரர் செத்துப்போயிருந்தால் விசில் வாயில்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தகரக் கூரை இடுக்கில் அடைந்தது. விதவைகள் அதற்கு ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். பாஸ்டரிடம் கேட்டதற்கு, பைபிளில் விசில் பற்றித் தடை இல்லை என்றார். மாரியம்மன் கோயில் பூசாரி, அது திருவிழாவுக்கு முன்னால் போய்விடுமா என்று மட்டும் கேட்டார்.

ஆனால் போகப் போகப் பேச்சு குறைந்தது. விசில் மெலிந்துகொண்டே வந்ததால், அடியில் இருந்தது மேலே வரத் தொடங்கியது. முதலில் அது ஒரு முனகல் மாதிரி இருந்தது. பிறகு சொற்களின் முதுகு தெரிந்தது. ஒரு நாள் 'ரு' என்ற எழுத்து எனக்குத் தெளிவாகக் கேட்டது. டேப்ரிக்கார்டரை உடனே நிறுத்தினேன். எஸ்தரு. எங்கள் காலனியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விழாவில் இந்தக் கேசட்டை ஸ்பீக்கர் கட்டிப் போடப்போகிறார்கள். டீக்கடையில் அதற்காகவே காத்திருந்தார்கள். நான் போனால் பேச்சு நின்று, பிறகு யாராவது, "படிச்ச பொண்ணு, சீக்கிரம் எழுதி முடி, எங்களுக்கெல்லாம் கண்ணு மங்கிப்போவுது" என்பார்கள். மற்றவர்கள் டீ கிளாஸுக்குள் சிரிப்பார்கள்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, கேசட்டுல ஒரு இடத்துல மட்டும் அழிச்சிடட்டுமா? டேப்பு சிக்கிக்கிச்சுன்னு சொல்லிடலாம்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நல்லாத்தானே பாடியிருக்கான். அப்படியே இருக்கட்டும்." காம்பை ஒடித்துத் தூரப் போட்டாள். "இன்னும் எத்தினி பேரு மிச்சம் உக்காந்திருக்காங்க உள்ள?"

"கொஞ்சம் பேருதான்."

"ம்."

நைனா எழுந்து கோழிகளைப் பார்க்கப் போனார். கேசட்டு ஓடினாலே அவருக்குக் கோழி ஞாபகம் வந்துவிடும். சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு, கூண்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். ஆனாலும் போவார்.

விழாவுக்கு முன்தினம் தலைவரின் மனைவி சம்பூரணம் அம்மாவைத் தேடி வந்தாள். வெற்றிலை போட்டபடி வெகுநேரம் தண்ணீர் கஷ்டம் பற்றிப் பேசிவிட்டு, "எஸ்தரு, பொண்ணுகிட்ட சொல்லி அந்தக் கேசட்டக் குடுத்துடேன். நான் கெணத்துல போட்டுடறேன். எதுக்கு வீண் வம்பு?" என்றாள்.

"எனக்கு ஒரு வம்பும் இல்ல சம்பூரணம்."

"உனக்குன்னு நான் சொன்னேனா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பூரணம் என் அம்மாவுக்காக இரக்கப்பட்டு வந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவளைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டு வந்தேன்.

அன்று கேசட்டில் ஒரே ஒரு விசில்தான் மீதி இருந்தது. இரண்டு விரலை நாக்குக்கடியில் கொடுத்து, மூச்சு முழுவதையும் செலவழித்து அடித்த நீளமான விசில். அது ஒன்றே இரண்டு தடவையும் அந்த வரியை மூடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் எல்லோரும் அதைப் போல அடித்துப் பார்த்தார்கள், யாருக்கும் பொருந்தவில்லை.

"மேல வேல செஞ்சவங்க விசிலு எல்லாம் வந்து சேந்துடுச்சே" என்றார் முனிரத்தினம். "அப்ப இது எவனோ கீழ எறங்கறவன்."

ஆனால் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் விசிலடிப்பதில்லை. கீழே மட்டும் இல்லை, மேலேயும், வீட்டிலும், சினிமாக் கொட்டகையிலும்கூட. விசிலடித்தவன் வாசனையைப் பாறை தெரிந்துவைத்துக்கொண்டு, அவன் இறங்கும்போது திரும்பிப் பார்க்கும் என்பார்கள். பாறை திரும்பிப் பார்த்தால் அந்த ஷிப்டில் யார் மேலே வருவார்கள் என்று சொல்ல முடியாது. தவறி அடித்துவிட்டவன் மறுபடி இறங்கக் கூடாது. அவனுக்காக இல்லை, கூட இறங்குகிறவர்களுக்காக.

நான் டீக்கடையிலிருந்து வீடு வரை ஓடினேன். நைனா கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"நைனா, அது உன்னோடதா?"

"எது?"

"நீ காவல் இருக்க மேல வரல. விசிலடிச்சிட்டு மேல வந்த."

"எனக்கு மூச்சுக்கே வழி இல்ல, விசிலுக்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு ஒரு முட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு மேல் எதையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவின் பெயரை மூட, தன் பிழைப்பையே எடுத்துப் போர்த்தியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படியானால் மூட வேண்டிய ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கிறது என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பை அதற்குப் பிறகு என்னால் கீழே வைக்க முடியவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் தொடங்கியது. அதே கிரவுண்டு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே அதே மாதிரி ஒரு கயிறு. பழைய கச்சேரியில் பெண்கள் பக்கம் முன்வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகே, தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்றும் முன்வரிசையில்தான் இருந்தார்கள், இப்போது நாற்காலியில். அம்மாவும் அங்கே இருந்தாள். கட்டுரை எழுதுகிறவள் என்று என்னை மட்டும் ஆண்கள் பக்கம், நைனாவுக்கு அருகே உட்காரவைத்திருந்தார்கள். மெட்ராஸ் பாட்டை முதலில் போட்டார்கள். புல்லாங்குழல் முடிந்ததும் கைதட்டினார்கள். பிறகு தலைவர் கஜபதி மைக்கைப் பிடித்து, "இப்ப நம்ம பாட்டு" என்றார்.

அம்மா எழுந்தாள். குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து, எல்லோரும் பார்க்க, ஆண்கள் பக்கம் வந்து நைனாவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ, "மானம் போறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கட்டும்னு வந்துட்டா" என்றார்கள்.

கேசட்டு ஓடியது. இருமல் இல்லை, அழுகை இல்லை, சோடா இல்லை. ஆள் இல்லாத கிரவுண்டில் ரிச்சி தனியாக நின்று பாடுவது மாதிரி இருந்தது, அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை பேர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தும் அந்தக் குரலுக்கு ஒரு துணையும் இல்லை. கதவுகள் கிறீச்சிட்டன, கிறீச்சிடாமல் திறந்தன. இசை நின்றது.

'இந்தக் காலனியிலே...'

விசில் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. என் பக்கத்தில், நைனாவின் வாயிலிருந்து வந்தது. விரல்கூட வைக்காமல், அவரைக் கேட்காமலே, முப்பது வயது மூச்சோடு அது வந்துவிட்டது. அவர் கண்கள் மிரண்டன. அம்மா கையை நீட்டி, அவர் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். மெதுவாகப் பொத்தவில்லை.

'...தெறக்காத கதவு எஸ்தரு கதவு ஒண்ணுதான்.'

அவ்வளவு தெளிவாக யாரும் ஸ்பீக்கரில் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கிரவுண்டில் ஒரு நாய் மட்டும் நடந்தது. பிறகு 'ஒண்ணுதான்' என்ற சொல் இருபத்தைந்து வருடமாகப் படுத்திருந்த பக்கத்திலிருந்து மறுபக்கம் புரண்டு படுப்பதை நான் பார்த்தேன். ஆண்கள் முகம் ஒவ்வொன்றாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே முன்வரிசைப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் திகைப்பு என்பது துளியும் இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அன்றைக்கே கேட்டிருந்தார்கள்.

கேசட்டில் ரிச்சி லேசாகச் சிரித்தான். கிடார் திரும்பி வந்தது. அந்த வரியை அவன் இரண்டு தடவை பாடுவான். 'இந்தக் காலனியிலே...' என்று அவன் மறுபடி தொடங்கியபோது, மேடையில் நின்ற தலைவர் கஜபதி இரண்டு விரலை வாயில் வைத்தார்.

முனிரத்தினம் அடித்தார். கம்பவுண்டர் இருமினார். கூட்டம் மொத்தமும் அடித்தது. விசிலடிக்கத் தெரியாதவர்கள் நாற்காலியைத் தட்டினார்கள். கூரை இடுக்குகளில் அடைந்திருந்த செத்தவர்களின் விசில்களும் லைன்களைத் தாண்டிப் பறந்து வந்து சேர்ந்துகொண்டன. கயிற்றுக்கு அந்தப் பக்கம், சம்பூரணம் விரலை வாய்க்குள் விட்டு, கண்ணீர் வழிய, இழுத்து அடித்தாள். பழைய கச்சேரியில்கூட அவ்வளவு சத்தம் இருந்திருக்காது. அது ஓய்ந்தபோது, '...ஒண்ணுதான்' என்பது மட்டும் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

தலைவர் என்னிடம் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் உதட்டில் எச்சில் காயவில்லை.

"கூட்டத்தோட சத்தத்துல அந்த வரி சரியாக் கேக்கலன்னு எழுதிடும்மா. பொய் இல்ல. வேணும்னா போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். கூட்டம் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இருமல் கிடாருக்கும் டிரம்முக்கும் நடுவே இருந்தது. கம்பவுண்டருக்கு அன்று முதல் மறுபடி பழைய சளிதான். கேட்டதை அப்படியே கட்டுரையில் எழுதிக் கொடுத்தேன். மலரில் என் கட்டுரைக்கு ஒதுக்கிய பக்கத்தில் மெட்ராஸ் பாட்டின் வரிகளைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று மாலை கிரவுண்டிலிருந்து திரும்பும்போது அம்மா முன்னால் நடந்தாள். நைனா நின்று நின்று வந்தார். தங்கம் பிரித்த பிறகு மில் கழித்துக் கொட்டிய மண்ணின் வெள்ளை மேட்டருகே அம்மா நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கு நீ கேட்டியா, அவன் இன்னா பாடினான்னு?"

"இல்ல. அவன் உன் பக்கம் பாத்தான். எனக்கு வேற ஒண்ணும் தோணல. அடிச்சிட்டேன்."

"நான் முன்னாடி உக்காந்திருந்தேன். முழுசாக் கேட்டேன்."

நைனா மேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "சொல்லியிருக்கலாமே எஸ்தரு."

"நீ கேட்டிருக்கலாமே."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. வீட்டுக்குள் போனாள், நானும் பின்னாலேயே நுழைந்தேன், அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நைனா இன்னும் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லைன் முழுக்க மற்ற வீட்டுக் கதவுகள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. முதலில் எழுந்து போய்ச் சாத்துகிற ஆளாக இருக்க எவருக்கும் துணிச்சல் இல்லை. உள்ளே புருஷனும் மனைவியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

நைனா வந்தார். கதவைத் தட்டவில்லை. முருங்கை மரத்தடியில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தார். அவர் விசில் மட்டும் கேசட்டுக்குத் திரும்பிப் போயிருக்கவில்லை, அம்மாவின் உள்ளங்கை அதைப் பிடித்து அவர் வாயிலேயே நிறுத்தியிருந்தது. அவர் அதை மெல்ல வெளியே விட்டார். நீளமாக இல்லை, கூட்டத்தில் அடிப்பது மாதிரியும் இல்லை. ஓர் ஆள் ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருக்கிற ஒருத்திக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மூச்சு தீர்ந்தபோது இருமினார். இருமல் நின்றதும் மறுபடி தொடங்கினார்.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கதவுக்கருகே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். தாழ்ப்பாள் அவள் தலைக்கு மேலே கை எட்டும் தூரத்தில் இருந்தது.

"அம்மா, நைனாவுக்கு மூச்சு வாங்குது."

"கேக்குது."

"தெறக்கட்டுமா?"

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி, விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்" என்றாள்.